வாய்தாவில் தேயும் மாநிலங்கள்: உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை இந்தியத் தலைமை நீதிபதி அவர்களுக்கும், உச்ச நீதிமன்றத்தின் ஏனைய நீதியரசர்களுக்கும்,

வணக்கம்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். அன்றைய ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தில், அரியலூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்தாறு ஆண்டுகள் பதிவேடுகளோடு காலம் தள்ளி, 2019இல் ஓய்வு பெற்றவன். (இம்மடலில் ‘ஒன்றிய அலுவலகம்’ என்று வந்தால் அது எங்கள் ஊராட்சி ஒன்றியம், ‘ஒன்றிய அரசு’ என்று வந்தால் அது டெல்லி. இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயல்தான். ஆனால் ஒன்றின் கையில் பணமும் மற்றொன்றின் கையில் பதிவேடும் மட்டும் இருந்ததை நான் நேரில் பார்த்தவன்.) ஒன்றிய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான வழக்குகளை உங்கள் நீதிமன்றம் எப்படித் தீர்க்கிறது என்பதைப் பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். எப்போது தீர்க்கிறது என்பதைப் பற்றி மட்டும் எழுத எனக்குச் சற்றுத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் பகுதி சுண்ணாம்புக்கல் பூமி. 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 115ஆம் பிரிவு, நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு மேல்வரி விதிக்க வழி செய்திருந்தது. வெட்டியெடுக்கும் கனிமத்துக்காகச் சுரங்கக் குத்தகைக்காரர்கள் அரசுக்குக் கட்டும் ராயல்டியையும் நிலவரியாகவே கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1964இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. ஆகவே கல் வெட்டுகிறவர் கட்டும் ராயல்டியின் மீதும் மேல்வரி வந்தது. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் கல் ஏற்றிய லாரிகள் பெயர்த்துப்போட்ட சாலைகளுக்கு மறுபடி ஜல்லி போட அதுதான் உதவியது. 1990ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கண்காணிப்பாளர், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் கேட்புப் பதிவேட்டைத் திறந்து, சுரங்கக் குத்தகைகள் இருந்த பக்கங்களில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இழுத்து, ஓரத்தில் ‘உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி வசூல் நிறுத்தம்’ என்று எழுதினார். வசூலித்ததைத் திருப்பித் தர வேண்டியதில்லை, இனிமேல் வசூலிக்கக் கூடாது: அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

அந்தத் தீர்ப்பு, இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் இடையிலான வழக்கில், எழுவர் அமர்வு 1989 அக்டோபர் 25 அன்று வழங்கியது. ராயல்டி என்பதே ஒரு வரி, அதன்மீது மாநிலம் இன்னொரு வரி போட முடியாது என்பது அதன் சாரம். அதே நாளில், இன்னொரு வழக்கில், தொழிற்சாலைச் சாராயத்தின் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மற்றொரு எழுவர் தீர்ப்பு வந்தது. மாநிலங்களின் இரண்டு வருவாய் வாசல்கள் ஒரே நாளில் சாத்தப்பட்டன.

பிறகு நடந்ததை ஓய்வுக்குப் பின் செய்தித்தாள்களிலும் சட்ட இதழ்களிலும் தேடிப் படித்தபோது, சிரிப்பதா நோவதா என்று எனக்குத் தெரியவில்லை. 2004 ஜனவரியில் கேசோராம் வழக்கில் ஐவர் அமர்வு, 1989 தீர்ப்பின் அந்த முக்கிய வரியில் கவனக்குறைவாகவோ அச்சிலோ பிழை நேர்ந்திருக்கிறது என்றது. ‘ராயல்டியின் மீதான மேல்வரி ஒரு வரி’ என்று இருக்க வேண்டியது ‘ராயல்டி ஒரு வரி’ என்று ஆகிவிட்டது என்பது அந்த அமர்வின் கருத்து. ஐவர் சொல்வது சரியா, எழுவர் சொன்னது சரியா என்ற கேள்வி 2011 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த அமர்வு 2024 பிப்ரவரி 27 அன்று விசாரணையைத் தொடங்கி, மார்ச் 14 அன்று முடித்துக்கொண்டது. மூன்று வாரம்கூடப் பிடிக்காத விசாரணைக்குப் பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு. 2024 ஜூலை 25 அன்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரி ஆகாது, கனிம உரிமைக்கும் கனிமம் உள்ள நிலத்துக்கும் மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று சாராய வழக்கின் பழைய தீர்ப்பும் மற்றோர் ஒன்பது நீதிபதிகள் அமர்வால் மாற்றப்பட்டது. ஒரே நாளில் சாத்திய வாசல்களைத் திறக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

ஆனாலும் எல்லாம் திரும்பி வரவில்லை. 2024 ஆகஸ்ட் 14 அன்று நீங்கள் பிறப்பித்த ஆணைப்படி, 2005 ஏப்ரல் 1க்கு முந்தைய கொடுக்கல் வாங்கல்களுக்கு மாநிலங்கள் வரி கேட்க முடியாது. அதற்குப் பிந்தைய பாக்கியை 2026 ஏப்ரல் 1 முதல் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில்தான் வாங்க முடியும். தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் தண்டமும் கிடையாது. பழைய பாக்கியை ஒரே மூச்சில் கேட்டால் தொழில்கள் நொடிந்துவிடும் என்பதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் 1989 அக்டோபர் முதல் 2005 மார்ச் வரையிலான பதினைந்தரை ஆண்டு வருவாய், மாநிலங்களுக்கு அதைப் பெறும் உரிமை இருந்தது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகும், போனது போனதுதான். தமிழ்நாடு புதிதாகக் கனிம நில வரிச் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் 4 முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வசூலிக்கிறது. இதற்கிடையே எங்கள் கண்காணிப்பாளர் காலமாகிவிட்டார். அந்தப் பழைய குழிகளில் பலவற்றில் கல்லும் தீர்ந்துவிட்டது.

இதிலிருந்து எனக்குப் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில் தாமதம் என்பது இருவருக்கும் பொதுவான துன்பம் அன்று. யார் கையில் பணம் இருக்கிறதோ, யார் மேசையில் கோப்பு கிடக்கிறதோ, அவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு சிறு வெற்றி. நம் நாட்டின் நிதி அமைப்பிலும் ஆட்சி அமைப்பிலும் பெரும்பாலும் பணமும் கோப்பும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே தீர்ப்பில் எந்தப் பக்கமும் சாயாத ஒரு நீதிமன்றம்கூட, தேதியில் ஒரு பக்கம் சாய்ந்துவிட முடியும். அதுவும் யாரும் அப்படி நினைக்காமலேயே.

ஒன்றிய அரசோடு மாநிலத்துக்குத் தகராறு என்றால் முறையிட வேறு நீதிமன்றம் இல்லை என்பதற்காகவே அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவு உங்கள் வாசலை நேரடியாகத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலில் நிற்கிறவர்களின் நிலையைப் பாருங்கள். மாநிலத்துக்குள் விசாரிக்கத் தந்திருந்த இசைவை விலக்கிக்கொண்ட பிறகும் சிபிஐ வழக்குகளைப் பதிகிறது என்று மேற்கு வங்கம் 2021இல் தொடுத்த வழக்கில், வழக்கே தொடுக்கலாமா கூடாதா என்ற முதற்கேள்விக்கு 2024 ஜூலை 10 அன்று விடை கிடைத்தது. தொடுக்கலாம் என்பதுதான் விடை. முறையீட்டின் உள்ளடக்கம் அதற்கும் பிறகுதான். கேரளம் தன் கடன் வாங்கும் வரம்பை ஒன்றிய அரசு குறைத்துவிட்டது என்று 2023 டிசம்பரில் வந்தது. வழக்கைத் திரும்பப் பெற்றால் 13,608 கோடி ரூபாய்க்கு இசைவு தருகிறோம் என்று ஒன்றிய அரசு சொன்னதை உங்கள் அமர்வு ஏற்காதது எனக்கு நிறைவளித்தது. வழக்காடும் உரிமைக்கு விலை பேசக் கூடாது. ஆனால் இடைக்கால நிவாரணம் இல்லை, வழக்கு ஐவர் அமர்வுக்குப் போகட்டும் என்ற ஆணை 2024 ஏப்ரல் 1 அன்று வந்தது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்தத் தேதியைப் பார்த்தவுடன் புரியும்: வழக்குக்குக் காரணமான நிதியாண்டு முந்தைய நாளே முடிந்துவிட்டது. பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,151 கோடி ரூபாயை, ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயில் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்தி வைத்திருப்பதாகத் தமிழ்நாடு 2025 மே மாதம் வழக்குத் தொடுத்தது. ஜூனில் அவசர வழக்காக எடுக்கக் கோரியபோது உங்கள் அமர்வு இசையவில்லை. பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கிறது.

இனி ஆளுநர் வழக்கு. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள், பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை, 2020 முதலே ஆளுநர் மாளிகையில் கிடந்தன. மாநில அரசு உங்கள் நீதிமன்றத்துக்கு வந்த பிறகு, 2023 நவம்பர் 13 அன்று பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஐந்தே நாளில், நவம்பர் 18 அன்று, சட்டமன்றம் கூடி அவற்றை மறுபடி நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று அவை குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று நீதியரசர்கள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, அப்படி அனுப்பியது செல்லாது என்று சொல்லி, முழு நீதி வழங்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உங்களுக்கு இடம் தரும் 142ஆம் பிரிவின் அதிகாரத்தைக் கொண்டு, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கருதப்படும் என்று அறிவித்தது. ஆளுநர் கையெழுத்தோ குடியரசுத் தலைவர் கையெழுத்தோ இல்லாமல் சட்டங்கள் அரசிதழில் ஏறின. அடுத்த மாதமே, மே 21 அன்று, துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக் கால அமர்வு தடை விதித்தது. துணைவேந்தர் நாற்காலி காலியாகவே இருக்க, ஒருங்கிணைப்புக் குழுக்கள் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகங்களில் நிலைமை மாறவில்லை.

நடுவே, மே 13 அன்று, குடியரசுத் தலைவர், உங்கள் கருத்தைக் கேட்க அவருக்கு வழி செய்யும் 143ஆம் பிரிவின் கீழ், பதினான்கு கேள்விகளை உங்களுக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு ஒருமனதாக விடை சொன்னது. மசோதா ஒன்றைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்க ஆளுநருக்கு உரிமை இல்லை என்றது. மிக நீண்ட, காரணம் சொல்லப்படாத தாமதம் நேர்ந்தால், முடிவெடுங்கள் என்ற அளவில் நீதிமன்றம் பணிக்கலாம் என்றது. இவ்விரண்டும் மாநிலங்களுக்கு உதவக்கூடியவை. இவற்றைப் படிக்காமலேயே தோல்வி என்று ஓலமிடுகிறவர்களோடு நான் சேரவில்லை. ஆனால் ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ காலக்கெடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதல்’ என்பதற்கு அரசமைப்பில் இடமில்லை என்றும் அந்தக் கருத்துரை சொல்கிறது. மசோதாக்கள் மீது ஆளுநர் செய்ய வேண்டியதைச் சொல்லும் 200ஆம் பிரிவில் ‘இயன்றவரை விரைவில்’ என்றுதான் எழுதியிருக்கிறது, நாள் கணக்கு இல்லை, ஆகவே நாங்கள் நாள் எழுத முடியாது என்பது உங்கள் தர்க்கம். ‘இயன்றவரை விரைவில்’ என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அப்படிக் குறிப்பெழுதிய கோப்பை யாரும் அவசரக் கோப்புகளோடு கட்ட மாட்டார்கள். ஜம்மு காஷ்மீருக்கு மாநில அந்தஸ்தைத் திரும்பத் தருவது குறித்து 2023 டிசம்பர் 11 தீர்ப்பில் நீங்களும் இதே தொனியில்தான் எழுதினீர்கள். தேர்தலுக்கு 2024 செப்டம்பர் 30 என்று நாள் குறித்தீர்கள், மாநில அந்தஸ்துக்குக் குறிக்கவில்லை. நாள் குறித்தது நடந்தது.

நவம்பர் கருத்துரையின் சரி தவறை வாதிட இம்மடலை எழுதவில்லை. அது கேட்ட நாளிலிருந்து ஆறு மாதம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது என்பதையே சுட்டுகிறேன். ஐந்து நீதிபதிகள், பதினான்கு கேள்விகள், ஏறக்குறைய எல்லா மாநிலங்களையும் தொடும் பொருள், இருந்தும் ஆறு மாதம். அமர்வு அமைக்க முடிந்தது, தேதி கொடுக்க முடிந்தது, வாதங்களுக்கு நேரம் பங்கிட முடிந்தது. குடியரசுத் தலைவரின் கேள்வியும் ஒரு மாநிலத்தின் வழக்கும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். சாட்சியம், ஆவணம் எல்லாம் வழக்கில் உண்டு. ஆனாலும் 143ஆம் பிரிவில் வந்தால் மாதக் கணக்கு, 131ஆம் பிரிவில் வந்தால் ஆண்டுக் கணக்கு என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தோன்றினால் அவன்மீது குற்றம் சொல்ல முடியுமா? ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க அரசமைப்பு தடுக்கிறது என்கிறீர்கள். உங்கள் சொந்த வழக்குப் பட்டியலுக்கு நீங்களே காலக்கெடு விதித்துக்கொள்ள எது தடுக்கிறது?

விரைவு என்ன செய்யும் என்பதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டாம். கர்நாடகத்தில் 1989 ஏப்ரலில் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் அரசுக்கு ஆதரவை விலக்கிக்கொண்டதாகப் பத்தொன்பது சட்டமன்ற உறுப்பினர்களின் கடிதங்கள் ஆளுநரிடம் போயின. அவர்களில் ஏழு பேர் உடனே மறுத்தார்கள். அவையைக் கூட்டுங்கள், பெரும்பான்மையைக் காட்டுகிறேன் என்றார் முதலமைச்சர். கூட்டவில்லை, அரசு கலைக்கப்பட்டது. அது தவறு, பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும், கூட்டாட்சி நம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன நாள் 1994 மார்ச் 11. மாநிலங்களுக்கு அதைவிடப் பெரிய அரண் இன்னும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர உதவும் 356ஆம் பிரிவை எடுக்கும் கை நடுங்கத் தொடங்கியது. ஆனால் வழக்குத் தொடுத்த பொம்மைக்கு அதில் கிடைத்தது அவர் பெயர் தாங்கிய ஒரு தீர்ப்பு மட்டும்தான். இடையில் தேர்தல் முடிந்து, வேறு ஆட்சி வந்து உட்கார்ந்துவிட்டது. 2016 மார்ச் 27 அன்று உத்தராகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது நிலைமை வேறு. உயர் நீதிமன்றமும் நீங்களும் அடுத்தடுத்து எடுத்து விசாரித்ததில், மே 10 அன்று அவையில் வாக்கெடுப்பு நடந்து, பழைய அரசே திரும்பி வந்தது. சட்டம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் ஐந்தாண்டு, மற்றொன்றில் ஆறரை வாரம்.

உங்கள் சிரமங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. மொத்தம் 34 நீதிபதிகள். ஒன்பது பேரை ஓர் அமர்வில் உட்காரவைத்தால், ஜாமீனுக்கும் நிலத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் காத்திருக்கிற எளிய மக்களின் வழக்குகள் தள்ளிப்போகும். மாநிலங்களும் யோக்கியர்கள் என்று நான் சான்றிதழ் தர மாட்டேன்; அரசியல் மேடையில் தீர்க்க வேண்டியதை வழக்காக்கிக் கொண்டுவந்து உங்கள் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. தீர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று வழங்கிய இறுதித் தீர்ப்பு ஒன்றிய அரசின் அரசிதழில் ஏற, உங்கள் கண்டிப்புக்குப் பிறகும், 2013 பிப்ரவரி 19 ஆகிவிட்டது. யூனியன் பிரதேசமான டெல்லியின் அரசுக்கு அதிகாரிகள் மீது அதிகாரம் உண்டு என்று 2023 மே 11 அன்று நீங்கள் சொன்னதை எட்டு நாளில் ஓர் அவசரச் சட்டம் துடைத்துப் போட்டது. இதெல்லாம் உண்மை. ஆனாலும் உங்கள் கையில் இருப்பதை மட்டும்தான் நான் உங்களிடம் கேட்க முடியும்.

ஒன்றிய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான வழக்குகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்றை வையுங்கள். வழக்கு விசாரிக்கத் தக்கதா என்ற கேள்வியை முதல் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது என்று விதி செய்துகொள்ளுங்கள். பெரிய அமர்வுக்கு அனுப்பும் ஆணையிலேயே, அந்த அமர்வு எந்த மாதத்துக்குள் கூடும் என்பதையும் எழுதிவிடுங்கள். ‘அனுப்பப்படுகிறது’ என்ற சொல்லோடு முடியும் ஆணைகள்தான் பதின்மூன்று ஆண்டுகள் தூங்குகின்றன. இடைக்கால நிவாரணத்தை மறுக்கும்போது, யாருக்குப் பாதிப்பு அதிகம் என்று எடை போடுகிறீர்கள்; அந்தத் தராசில், காலம் போனால் யாருடைய கோரிக்கை பொருளற்றுப் போகும் என்பதையும் ஒரு படிக்கல்லாக வையுங்கள். நிதி குறித்த தகராறு என்றால், எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் வாடகை வழக்குக்குச் செய்வதைச் செய்யலாம். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் சண்டை என்றால், வழக்கு முடியும் வரை வாடகையைக் கோர்ட்டில் கட்டு என்பார்கள். பணம் இருவர் கையிலும் இல்லை என்று ஆனவுடனே, வாய்தா வாங்கும் ஆசை பாதி குறைந்துவிடும். தகராறுக்குரிய தொகையை ஒரு தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்ல உங்களுக்கு 142ஆம் பிரிவு போதாதா?

இன்னும் ஒன்று. எங்கள் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டின் கடைசிப் பத்திக்கு ‘நிலுவைக்கான காரணம்’ என்று பெயர். அதை வெறுமையாக விட்டால் தணிக்கைத் தடை எழுதுவார்கள். ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று எழுதினாலும் விடமாட்டார்கள், எந்த நடவடிக்கை, யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே நாங்கள் பல பாக்கிகளை வசூலித்திருக்கிறோம். 131ஆம் பிரிவின் கீழ் நிலுவையில் இருக்கும் வழக்குகள் எவை, ஒவ்வொன்றும் எந்த நாளில் தொடுக்கப்பட்டது, கடைசியாக எப்போது விசாரிக்கப்பட்டது, ஏன் நிற்கிறது என்று அப்படி ஒரு பத்தியோடு, ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பதிவகம் வெளியிட்டால் போதும். முதல் பட்டியலை வரும் நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அன்றே வெளியிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஊராட்சி ஒன்றிய ஊழியர் ஒருவர்
டிசம்பர் 2025